சான்றிதழுக்காக பார்மசி படிக்க வராதீர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை, மன்னார்குடியில் நான் நடத்தும் மருந்துக் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களோடு யோசனை கேட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்பவள் என்பதால், பார்மசி பற்றிக் கேட்க என்னிடம்தான் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் வரும். “நீட்ல மார்க் வரலைக்கா, பி.பார்ம் போட்டுடலாமா?” என்பது ஒன்று. “படிச்சு முடிச்சிட்டா சர்டிபிகேட்டை ஏதாவது மெடிக்கலுக்குக் கொடுத்துட்டு மாசாமாசம் ஒரு தொகை வாங்கிக்கலாமாமே?” என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உட்கார வைத்துப் பதில் சொல்வேன். இரண்டாவதைக் கேட்டால் எனக்கு இன்றும் மனசு கொதிக்கிறது. அப்படி ஒரு எண்ணத்தோடு விண்ணப்பம் போட நினைக்கிற பிள்ளை, தயவுசெய்து அந்த இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை, பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் கேட்டால் மருந்தாளுநர் யார் என்று காட்ட வேண்டும். சீட்டுக்குரிய மருந்துகள் அவர் மேற்பார்வையில்தான் விற்கப்பட வேண்டும். நடப்பது என்ன? உரிமத்தில் ஒருவர் பெயர் இருக்கும். கடையில் பத்தாவது படித்த ஒரு தம்பி நிற்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை கால் கடுக்க நிற்கிறான். ஆனால் இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா, இந்த அளவு சரியா என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கப்பட்டவர் வேறு எங்கோ வேறு வேலையில் இருக்கிறார். அவருடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் மாட்டியிருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கை விரல் மூட்டெல்லாம் வீங்கிய ஒரு பாட்டி, முடக்குவாதத்துக்குப் பெரிய ஊரில் காட்டிவிட்டுச் சீட்டோடு வந்தார். அதில் மெத்தோட்ரெக்சேட் இருந்தது. இந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டின் ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். எங்களிடம் அப்போது வேலை பார்த்த, புதிதாக பி.பார்ம் முடித்த பெண், அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன், “இதை எப்படிச் சாப்பிடச் சொன்னாங்க பாட்டி?” என்று கேட்டாள். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுதானே? எல்லா மாத்திரையும் அப்படித்தானே?” என்றார் பாட்டி. தினம் இரண்டு வீதம் அதை விழுங்கியிருந்தால் முதலில் வாயெல்லாம் புண்ணாகும், பிறகு எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதே குறைந்துபோகும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்தப் பெண் மாத்திரையைத் தனி உறையில் போட்டாள். உறை மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக ‘வியாழக்கிழமை மட்டும்’ என்று தமிழில் எழுதினாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்ததும் பேரனின் செல்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி அவனிடமும் சொன்னாள். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான்கு ஆண்டு படிப்பு அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான். சான்றிதழ் சுவரில் தொங்கினால் அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருப்பார்கள்?

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘பொண்ணுக்கு ஏத்த படிப்பு’ என்று பார்மசியில் சேர்க்கிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. படித்து முடித்ததும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவள் திருப்பூரிலோ பெங்களூரிலோ குடித்தனம் நடத்துகிறாள். சான்றிதழோ மாமாவின் கடையில் மாட்டப்படுகிறது. நாளைக்கு அந்தக் கடையில் ஒரு தவறு நடந்து மருந்து ஆய்வாளர் வந்தால், பதில் சொல்ல வேண்டியவள் அவள். பார்க்காத சீட்டுக்கும் கொடுக்காத மருந்துக்கும் அவள் பெயர்தான் பதிவேட்டில் நிற்கும். இப்படிச் சிக்கிய ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறாள். அவளுடைய பதிவுக்கே ஆபத்து வந்துவிட்டது. பெண்ணைப் படிக்க வைத்துவிட்டு, அந்தப் படிப்பை அவள் கையிலிருந்து பிடுங்கி உறவினர் சுவரில் மாட்டுவது அவளுக்குச் செய்யும் பெரிய அநீதி.

இனி முதல் கேள்வி. நீட்டில் மதிப்பெண் வராதவர்கள் பார்மசிக்கு வரலாமா? தாராளமாக வரலாம், ஆனால் நீட் தோல்வியைக் காரணமாக வைத்துக்கொண்டு வரக் கூடாது. மருத்துவராக முடியவில்லையே என்ற வருத்தத்தோடு வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதிர்பார்ப்பது உடலும் நோயும் பற்றிய பாடம். அது உண்டு, உடற்கூறும் உடலியங்கியலும் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடும். ஆனால் அதே பருவத்தில் மருந்துப் பகுப்பாய்வும் கனிம வேதியியலும் மருந்து தயாரிப்பியலும் சேர்ந்தே வரும். அதன் பிறகு கரிம வேதியியல் பருவம் பருவமாகத் தொடரும். வேதியியல் பிடித்த பிள்ளைக்கு இது சொர்க்கம். பிடிக்காத பிள்ளைக்கு நான்கு ஆண்டும் நெடுந்தூரம். உயிரியல் படித்தவர்களுக்குத்தான் என்றும் நினைக்க வேண்டாம். இயற்பியல், வேதியியலோடு கணிதம் அல்லது உயிரியல் இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பது இந்திய பார்மசி கவுன்சிலின் விதி. பள்ளியில் உயிரியல் படிக்காதவர்களுக்கு முதல் பருவத்தில் உயிரியலும், கணிதம் படிக்காதவர்களுக்குக் கணிதமும் தனிப்பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். கணிதப் பிரிவில் படித்து, பொறியியல்தான் வழி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

வேதியியல் இங்கே எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்து ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான். 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே நச்சு. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றதும் இதே நச்சு. சிரப்புக்கு வாங்கும் கரைப்பானை, வந்து இறங்கிய பீப்பாயிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதித்தால் பிடிபட்டுவிடும் விஷயம் இது. அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர்களில், சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உற்பத்தியை நிறுத்த வேண்டியவர்களில், பி.பார்ம் படித்தவர்களும் உண்டு. ஆகவே பகுப்பாய்வு ஆய்வகத்தில் நிறமாற்றம் பார்ப்பதை மதிப்பெண்ணுக்கான வேலை என்று எண்ணுகிற பிள்ளை, தொழிற்சாலைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பி.பார்முக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, நர்சிங், பிசியோதெரபி முதலான துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறது. அரசுக் கல்லூரி என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியும் மதுரை மருத்துவக் கல்லூரியும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. இது தெரியாமல் நேரே தனியார் கல்லூரிக்குப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றை முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி வைத்துவிட வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் பெண்ணென்றால் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆணென்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். புத்தகத்துக்கும் பேருந்துக்கும் அது பெரிய உதவி.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். புதிய பார்மசி கல்லூரிகள் வேண்டாம் என்று பார்மசி கவுன்சில் 2020-21 முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை போட்டது. நிர்வாகத் தீர்மானத்தின் மூலம் அப்படித் தடுக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு நாடு முழுக்கப் புதுக் கல்லூரிகள் வரிசையாக வந்தன. புதிது என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்சிலின் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாவிட்டால் அந்தப் பட்டம் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லாது. கவுன்சிலின் இணையதளத்தில், அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, நடப்பு ஆண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு ஒரு வேலை நாள் பிற்பகலில் நேரே போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பார்கள், அதைக் குடித்துவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை அழுத்தும் இயந்திரத்தின் மேல் தூசி படிந்திருக்கிறதா, தராசுப் பக்கம் மாணவர்கள் நிற்கிறார்களா, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரின் செய்முறைக் குறிப்பேட்டில் தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் குறிப்பேடு சொல்லும் உண்மையை முதல்வரின் பேச்சு சொல்லாது.

தரகர்கள் வருவார்கள். வெளிமாநிலத்தில் டி.பார்ம், கல்லூரிக்கே போக வேண்டாம், தேர்வுக்கு மட்டும் ரயிலேறினால் போதும் என்பார்கள். பார்மசியில் அஞ்சல் வழிப் படிப்பு என்று ஒன்று கிடையாது. பி.பார்மில் ஒவ்வொரு பாடத்துக்கும், எழுத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியாக, 80 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. டி.பார்மில் இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பிறகு மருந்தகத்தில் 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் தகுதித் தேர்வு ஒன்று எழுத வேண்டும் என்று 2022இல் தனி விதிமுறையே வந்தது. வகுப்புக்கே போகாதவர் சீட்டைப் படித்து என்ன சொல்லப் போகிறார்? இந்தத் தரகர்களை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

டி.பார்மை மட்டமாகப் பேசுவதும் தவறு. வீட்டில் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அது நேர்மையான வழி. பிறகு மனமும் வசதியும் இருந்தால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். என்னிடம் வேலை பார்த்தவர்களிலேயே சீட்டை மிகக் கவனமாகப் படித்தவர் டி.பார்ம்காரர்தான். ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்போ வேறு வகை. மருத்துவமனை வார்டுகளில் மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளியின் மருந்துகளைக் கவனிக்கும் வேலைக்கானது அது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை காட்டிச் சேர்ப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பிள்ளைகள் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள்?” குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனையோடு கல்லூரி இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். இந்தப் படிப்புக்கு முதலில் வேண்டியது கணக்கு. பெரிய கணக்கு இல்லை, விகிதம்தான். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் 75 மில்லிகிராம் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. அதே மருந்து சொட்டு மருந்துப் புட்டியில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் வீதம் இருக்கும், அதில் முக்கால் மில்லிதான் கொடுக்க வேண்டும். சிரப் இல்லை என்று சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, ‘3 மில்லி’ என்று பழைய அளவையே சொன்னால் குழந்தைக்குப் போவது 300 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. இந்தக் கணக்கைக் கைப்பேசி இல்லாமல், வரிசையில் எட்டுப் பேர் அவசரப்படுத்தும்போது, தப்பில்லாமல் போட வர வேண்டும். நான் யாரைச் சோதிப்பதானாலும் இதைத்தான் கேட்பேன்.

அடுத்து, வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கிடக்கும் மருந்து அட்டைப்பெட்டிகளைச் சேகரியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, மருந்தின் உண்மையான பெயரைத் தேடிப் படியுங்கள். வேறு வேறு பெயரில் நாலு பெட்டி இருக்கும், உள்ளே ஒரே மருந்தாக இருக்கும். எந்தப் பெட்டியில் எச் அட்டவணை எச்சரிக்கை இருக்கிறது, எதில் எச்1 என்று சிவப்புக் கட்டம் இருக்கிறது, எதை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எச்1 மருந்து விற்றால் யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கண்ட காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து அது வேலை செய்யாமல் போகிற காலத்தில், அந்தப் பதிவேடு ஒரு காவல்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் மிரட்டும். முதல் பருவத்தில் பாதிப் பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம், அறிவுக் குறைவு இல்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இறக்கி, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம் சத்தம்போட்டுப் படியுங்கள். பாடம் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் மொழி மட்டும்தான் புதிது. கல்லூரி திறப்பதற்குள் கூச்சம் போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் முன்னால் வந்து நிற்கப்போகிறவர்களுக்குத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மருந்தாளுநர்தான் தேவை. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றால் எவ்வளவு நேரம் முன் என்று பாட்டிக்குப் புரியும்படி சொல்லும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை உண்டு. விண்ணப்பம் போடும் முன் பத்துப் பதினைந்து நாளாவது ஒரு மருந்துக் கடையில் நின்று பாருங்கள். எங்கள் கடையில் மே மாதம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மருத்துவர்கள் பார்க்கும் நேரத்தில், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் தருகிறேன். மருந்தை எடுத்துக் கொடுக்க விடமாட்டேன், சட்டம் அதை அனுமதிக்காது. காலாவதித் தேதி பார்த்து அடுக்கலாம், சரக்கு வந்தால் பட்டியலோடு தொகுப்பு எண்ணைச் சரிபார்க்கலாம், நான் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். மூன்றாம் நாளே ‘எனக்கு இது வேண்டாம்’ என்று போனவர்களும் உண்டு. அவர்கள் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் மிச்சம். தங்கியவர்களில் ஒருத்தி இன்று அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், ஒருவர் மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் மருந்தாளுநர் நேரில் நிற்கிற கடைகள் இருக்கின்றன. மருந்து வணிகர் சங்கங்கள் அப்படிப்பட்ட கடைகளின் பட்டியலை எடுத்து, ஏப்ரல் மாதத்துக்குள் பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுக்கட்டும். பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கடைக்குள் நுழைந்ததும் சுவரில் உள்ள சான்றிதழின் பெயரைப் படித்துவிட்டு, “இவங்க இருக்காங்களா?” என்று கேட்கட்டும். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகட்டும்.